மரக்காணத்தின் மேல் ஒரு நேர்கோடு

பறக்கும் டாக்ஸி சேவைக்கு வரும் நாள் நெருங்குகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கும் உப்பளக் கரைக்கு அது என்ன கொண்டுவரும்?

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. பாத்திகளுக்கு நடுவே ஒற்றையடி வரப்பில் பெண்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். தலையில் சும்மாடு, கையில் சோற்றுத் தூக்கு. வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தி கண்ணைக் குத்தும் என்பதால் மரக்காணம் உப்பளத்தில் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். வாருபலகையால் உப்பைப் பாத்தியின் ஓரத்துக்கு இழுத்துக் குவிப்பவர்கள் ஒருபுறம். அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறவர்கள் மறுபுறம். சற்றுத் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமைக் கார்கள் விளக்கை எரியவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் பறக்கின்றன. காரில் இருப்பவர்களுக்கு மரக்காணம் ஒரு டீக்கடை நிறுத்தம். ஜன்னலுக்கு வெளியே ஓடும் வெள்ளை உப்பு மேடுகள் ஒரு புகைப்படம்.

இந்த உப்பளத்திலிருந்து வடக்கே, நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர் போனால் தையூர். அங்கே சென்னை ஐ.ஐ.டி.யின் இரண்டாவது வளாகம் இருக்கிறது. அந்த ஐ.ஐ.டி.யில் பிறந்த ‘இ-பிளேன்’ என்ற நிறுவனம் மின்சாரத்தில் பறக்கும், செங்குத்தாக எழும்பி இறங்கும் ஒரு சிறு விமானத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. ஓடுபாதை தேவையில்லை. மொட்டைமாடியோ மருத்துவமனை வளாகமோ போதும் என்கிறார்கள். பறக்கும் டாக்ஸி என்று பத்திரிகைகளும், ஏர் டாக்ஸி என்று நிறுவனங்களும் அழைப்பது இதைத்தான்.

சென்னையின் போக்குவரத்து நெரிசலுக்கு இது மருந்தாகுமா என்ற விவாதம் நிறைய நடக்கிறது. நடுவில் இருக்கும் ஊர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அவற்றில் ஒன்றைப் பற்றியது.

தையூர் வரைக்கும் வந்த கதை

ஐ.ஐ.டி.யின் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யா சக்ரவர்த்தி தொடங்கியது இ-பிளேன். 2023 மே மாதம், விமானம் வடிவமைக்கும் நிறுவனம் என்ற அங்கீகாரத்தை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அதற்கு வழங்கியது. 2024இல் ‘இ200எக்ஸ்’ என்ற மாதிரிக்கான வகைச் சான்றிதழ் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் 1.4 கோடி டாலர் முதலீடு வந்தது. 2025 பிப்ரவரியில் நாடே திரும்பிப் பார்த்த செய்தி வெளியானது. பெங்களூரைச் சேர்ந்த ஐகேட் என்ற ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனம் 788 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று என்பது திட்டம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. ஒரு விமானம் பறப்பது வேறு, அது சேவைக்கு வருவது வேறு. சேவை என்றால் மூன்று கதவுகள் திறக்க வேண்டும். வடிவமைப்பு பாதுகாப்பானது என்ற வகைச் சான்றிதழ் முதலாவது. ஒவ்வொரு விமானமும் அதே தரத்தில் வெளிவரும் என்ற உற்பத்திச் சான்றிதழ் இரண்டாவது. பணம் வாங்கிப் பயணி ஏற்றலாம் என்ற இயக்குநர் சான்றிதழ் மூன்றாவது. இவற்றோடு விமானி உரிமம், இறங்குதளத்துக்கான விதி, வான்பாதை என்று பட்டியல் நீளும். இறங்குதளங்களுக்கான வழிகாட்டுதலையும், இவ்வகை விமானங்களுக்குச் சான்று வழங்கும் நெறிகளையும் டி.ஜி.சி.ஏ. 2024இல் வெளியிட்டது. 2025 முடியும்வரை இந்தியாவில் எந்த ஏர் டாக்ஸியும் முதல் கதவைத் தாண்டவில்லை.

[பெட்டி] யார் யார் களத்தில்?

• இ-பிளேன், சென்னை: முதல் இலக்கு ஏர் ஆம்புலன்ஸ். விமானி, மருத்துவப் பணியாளர், ஸ்ட்ரெச்சரில் நோயாளி. மாதிரிகளுக்கு ஏற்ப 110 முதல் 200 கிலோமீட்டர் தூரம் பறக்கும் என்கிறது நிறுவனம்.

• சர்லா ஏவியேஷன், பெங்களூரு: 2025 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் ‘ஷூன்யா’ மாதிரியை வைத்தது. இந்தியாவின் முன்னோடிப் பெண் விமானி சர்லா துக்ராலின் பெயரைத் தாங்கிய நிறுவனம்.

• இன்டர்குளோப் – ஆர்ச்சர்: இண்டிகோவின் தாய் நிறுவனமும் அமெரிக்க ஆர்ச்சரும் 2023 நவம்பரில் அறிவித்த கூட்டணி. டெல்லி கனாட் பிளேஸிலிருந்து குருகிராமுக்கு 7 நிமிடம். இலக்கு ஆண்டு 2026 என்றார்கள். கட்டணம் 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் இருக்கும் என்றார்கள்.

வரைபடத்தில் ஒரு கோடு

ஒரு வரைபடத்தை எடுத்து, மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து புதுச்சேரிக்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு சுமார் 120 கிலோமீட்டர் நீளம். அது ஏறக்குறைய மரக்காணத்தின் தலைக்கு மேலே போகிறது. அடுத்த நொடி கழுவெளிச் சதுப்பைக் கடக்கிறது.

கடலோரமாகவே பறந்தால் என்ன என்று கேட்கலாம். கல்பாக்கம் அணுமின் நிலையம் கடற்கரையிலேயே இருக்கிறது. அதைச் சுற்றிய வான்வெளியில் நினைத்தபடி பறக்க முடியாது. ஆக, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏர் டாக்ஸி ஓடினால் அது கல்பாக்கத்துக்கு மேற்கே சற்று உள்வாங்கி, மரக்காணத்தின் மீதுதான் வர வேண்டியிருக்கும்.

பேட்டரியும் மரக்காணத்தின் பக்கமே இழுக்கிறது. ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. இன்றைய நல்ல லித்தியம் செல்லில் ஒரு கிலோவுக்கு 250 முதல் 300 வாட்-மணிதான் கிடைக்கிறது. மின் மோட்டார் எஞ்சினைவிடப் பல மடங்கு சிக்கனமானது என்றாலும் இந்த இடைவெளி மூடாது. அதிலும் செங்குத்தாக எழும்பும்போதும் இறங்கும்போதும் பேட்டரி மிக வேகமாகக் கரைகிறது. இறக்கை விமானத்தைத் தாங்கத் தொடங்கிய பிறகுதான் பேட்டரி மூச்சு விடுகிறது. அவசரத்துக்கு மாற்று இடம் தேடிப் போக ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருக்கவும் வேண்டும். 110 கிலோமீட்டர் பறக்கும் என்று சொல்லப்படும் விமானத்தை வைத்துக்கொண்டு 120 கிலோமீட்டர் பாதையில் சேவை நடத்த முடியாது. நடுவில் எங்காவது இறங்கி சார்ஜ் ஏற்ற வேண்டும். மீனம்பாக்கத்திலிருந்து மரக்காணம் நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர். அங்கிருந்து புதுச்சேரி சுமார் 30.

இந்தக் கணக்கை நிறுவனங்கள் என்றைக்காவது போடும். மரக்காணம் அதற்கு முன்பே போட்டுவைப்பது நல்லது.

பாரிஸில் பறக்காதது

உலக அனுபவம் இதுவரை எச்சரிக்கையாகவே இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளோடு பறப்போம் என்று அறிவித்த ஜெர்மனியின் வோலோகாப்டருக்கு உரிய நேரத்தில் சான்றிதழ் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு இன்னொரு ஜெர்மன் நிறுவனமான லிலியம் அதே வழியில் போயிருந்தது. நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு ஆர்டர் வைத்திருந்த நிறுவனம் அது. ஆர்டரின் எண்ணிக்கை எதற்கும் உத்தரவாதமில்லை என்பதை 788 என்ற எண்ணைக் கேட்கும்போது நாம் நினைவில் வைக்க வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. சீனாவின் இஹாங் நிறுவனத்தின் விமானி இல்லாத இரண்டு இருக்கை விமானம் 2023 அக்டோபரில் வகைச் சான்றிதழ் பெற்றது. 2025 மார்ச்சில் அதை இயக்கும் இரண்டு நிறுவனங்களுக்கு இயக்குநர் சான்றிதழும் கிடைத்தது. நடுவில் உற்பத்திச் சான்றிதழும் வந்திருந்ததால் மூன்று கதவுகளும் திறந்துவிட்டன. ஆனால் அது ஒருமுறை பறக்கும் தூரம் 30 கிலோமீட்டர்தான். துபாய் 2024இல் அமெரிக்காவின் ஜோபி நிறுவனத்தோடு ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டு, விமான நிலையம் உட்பட நான்கு இறங்குதளங்களை முடிவு செய்தது. விமானத்துக்குச் சான்றிதழ் வரும் முன்பே தளத்துக்கான இடங்களைப் பேசி முடித்த ஊர் அது.

நம் நாட்டில் அறிவிப்புக்கும் அன்றாட சேவைக்கும் உள்ள தூரத்தைச் சொல்ல ஓர் உதாரணம் போதும். சபர்மதி ஆற்றிலிருந்து கேவடியாவின் படேல் சிலைக்குப் போகும் கடல் விமானம் 2020 அக்டோபர் 31 அன்று பெரிய விழாவோடு தொடங்கியது. 2021 ஏப்ரலில் நின்றது.

ஆம்புலன்ஸ் கணக்கு

இந்தக் கரைக்கு ஏர் டாக்ஸி தேவையா? வார இறுதிப் பயணிகளை அரை மணி நேரம் முன்னதாகப் புதுச்சேரியில் இறக்கிவிடத்தான் என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். அந்தச் சாலை ஏற்கெனவே அகலமாகிக்கொண்டிருக்கிறது. மரக்காணம் – புதுச்சேரி 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. ஆம்புலன்ஸாக வந்தால் விஷயமே வேறு.

மரக்காணத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் மேற்கே திண்டிவனம், அதைத் தாண்டி விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. தெற்கே போனால் புதுச்சேரி ஜிப்மர். தலைக்காயம், மாரடைப்பு, சிக்கலான பிரசவம் எதுவானாலும் இந்த மூன்று திசைகளில் ஒன்றில்தான் வண்டி ஓட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்துகளுக்குப் பெயர்போனது. உப்பளத்தில் வேலை செய்பவர்கள் உடலில் நீர் வற்றி மயங்கி விழுவதும் புதிதல்ல.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவை இந்தக் கரையில் எத்தனையோ உயிர்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது மேல்மருவத்தூரில். இங்கிருந்து அதிக தூரமில்லை. ஏர் ஆம்புலன்ஸ் இந்த வரிசையில் அடுத்த படியாக வருமா, பணம் இருப்பவருக்கு மட்டும் தனி வழியாக வருமா? எனக்கு முதன்மையான கேள்வி இதுதான்.

விமானத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்று நேர்மையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத்துக்கு ஒன்று என்ற திட்டப்படி விமானம் விழுப்புரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் மரக்காணம் வந்து சேர 20 நிமிடத்துக்கு மேலாகும். நோயாளியை ஏற்ற நேரம். பிறகு ஜிப்மருக்குப் பறக்க 10, 12 நிமிடம். புறப்படும் முன் செய்ய வேண்டிய சோதனைகள், இறங்கிய பின் தளத்திலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும் நேரம். கூட்டிப் பார்த்தால் முக்கால் மணி நேரத்தைத் தாண்டிவிடும். மரக்காணத்திலேயே நிற்கும் 108 வண்டி அதற்குள் ஜிப்மரை நெருங்கியிருக்கும். விழுப்புரத்தில் நிற்கும் விமானத்தால் மரக்காணத்துக்கு லாபமில்லை. மரக்காணத்திலோ திண்டிவனத்திலோ நின்றால்தான் லாபம்.

தூரம் கூடும்போது கணக்கு மாறுகிறது. மரக்காணத்திலிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனை நேர்கோட்டில் 100 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். சாலையில் இரண்டரை மணி நேரம், நெரிசலில் அதற்கும் மேல். வானில் முக்கால் மணி நேரத்துக்குள். முண்டியம்பாக்கத்தில் நிலைப்படுத்தப்பட்ட நோயாளியை உயர் சிகிச்சைக்குச் சென்னைக்கு மாற்றுவது, தானமாகக் கிடைத்த உறுப்பை எடுத்துச் செல்வது போன்றவற்றில்தான் இந்த விமானத்தின் உண்மையான பலன் இருக்கிறது. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தபோது, அந்த இதயத்தைக் கொண்டுபோகச் சென்னைச் சாலைகளில் போலீஸார் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். தமிழ்நாட்டு உறுப்புதானத்தின் வரலாறே அதன் பிறகு மாறியது. அந்த வழியை வானத்தில் நிரந்தரமாக வைத்திருக்க முடிந்தால் அது எவ்வளவு பெரிய காரியம்!

இன்னொரு நினைவும் இந்தக் கரையை விட்டு அகலாது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 14 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களைப் புதுச்சேரிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர் ஏறும் விமானம் அன்று வந்திருந்தால் ஒருவரை, இருவரைக் கொண்டுபோயிருக்கும். உள்ளூர் மருத்துவமனையில் வென்டிலேட்டரும் டயாலிசிஸ் இயந்திரமும் அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களும் இருப்பதுதான் அத்தகைய இரவில் பலரைக் காப்பாற்றும். விமானத்தைக் காட்டி இந்தச் செலவைத் தள்ளிப்போட யாராவது முயன்றால் அதை எதிர்க்க வேண்டும்.

அரசு நடத்தும் வான்வழி ஆம்புலன்ஸுக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையிலிருந்து ‘சஞ்சீவனி’ ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் 2024 அக்டோபரில் இலவச சேவையாகத் தொடங்கியது. 2025 மே மாதம் கேதார்நாத்தில் இறங்கும்போது அந்த ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானது. உள்ளே இருந்தவர்கள் உயிர்தப்பினார்கள். ஒரே ஒரு இயந்திரத்தை நம்பிச் சேவை நடத்தினால், அது பழுதாகும் நாளில் சேவையே நின்றுவிடும். மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இந்த ஓட்டை இருக்கிறது. மாற்று விமானம் எங்கிருந்து வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

சும்மா கிடக்கும் நிலமல்ல

இறங்குதளம் எங்கே வரும்? வெளியூர்க்காரர் கண்ணுக்கு உப்பளம் தட்டையாக, மரமில்லாமல், வீடில்லாமல் விரிந்து கிடக்கிறது. திட்டம் போடுபவர்களுக்கு அது தளத்துக்காகவே அமைந்த இடமாகத் தெரியும். இந்த ஆபத்து கற்பனையல்ல. மும்பையில் தாராவி மறுகுடியமர்த்தலுக்காக சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தை எடுத்துக்கொள்ள 2024இல் மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. எந்த நகரம் வளர்ந்தாலும் முதலில் கை வைப்பது உப்பளத்திலும் சதுப்பிலும்தான். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் நாம் பார்த்தது அதுதானே?

மரக்காணத்தில் ஒரு பாத்தி என்பது மழைக்குப் பிறகு சேறு மிதித்து, தரையை இறுக்கி, உப்புநீரைப் படிப்படியாக முற்றவைத்து வாரக்கணக்கில் உருவாக்கும் தொழிற்களம். வருடத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் வேலை இருக்கும். மழைக்காலத்தில் அடுப்பெரிய வழியில்லை என்பதால்தான் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இப்படி ஓடும் வாழ்க்கையில் ஒரு மூலையை வேலி போட்டு எடுத்துக்கொண்டால், உப்புநீர் வரும் வாய்க்காலும் வெள்ளம் வடியும் வழியும் சேர்ந்தே அடைபடும். பாதிப்பு வேலியோடு நிற்காது.

[பெட்டி] கழுவெளி

• பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு.

• 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,151 ஹெக்டேர்.

• 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

• மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பாதையில் இருக்கிறது. பூநாரை, கூழைக்கடா, நாரை, உள்ளான் வகைகள் வந்து தங்கும்.

• எடையன்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலோடு தொடர்பு.

பறவைகளின் பக்கமும் பேச வேண்டும். ஏர் டாக்ஸி பறக்கும் உயரம் சில நூறு மீட்டர். வலசைப் பறவைகள் இரை தேடி இடம் மாறுவதும் அந்த உயரத்துக்குள்தான். பெரிய ஹெலிகாப்டர்களுக்கான அமெரிக்க விதி, ஒரு கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் விமானம் பாதுகாப்பாகத் தரையிறங்க வேண்டும் என்கிறது. கழுவெளிக்கு வரும் கூழைக்கடா நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். பூநாரை இரண்டு முதல் நான்கு கிலோ. அவை தனியாகவும் பறப்பதில்லை. கூட்டமாக எழும்பும். கழுவெளியைச் சுற்றிப் போவது பறவைக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் நோயாளிக்கும் பாதுகாப்பு. சுற்றிப் போனால் பேட்டரிக் கணக்கில் சில கிலோமீட்டர் கூடும். அந்தச் செலவை இயக்கும் நிறுவனம் ஏற்கத்தான் வேண்டும்.

உப்புக்காற்றும் புயலும்

மரக்காணத்தில் இரும்புக் கதவு வைத்த வீட்டுக்காரரிடம் கேட்டால் துருவின் வேகத்தைச் சொல்வார். கடலும் உப்பளமும் சேர்ந்த காற்று அலுமினியத்தையும் மின் இணைப்புகளையும் மெல்ல அரிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட மோட்டார்கள், அவற்றின் கட்டுப்பாட்டுக் கருவிகள், உயர் அழுத்த வயர்கள், பேட்டரி இணைப்பு முனைகள் எல்லாம் இந்தக் காற்றில்தான் நிற்க வேண்டும். கடலோர ஹெலிகாப்டர்களை நன்னீரில் கழுவித் துடைப்பது வழக்கமான வேலை. மின் விமானத்துக்கும் அதைவிடக் குறையாத பராமரிப்பு வேண்டும். கோடை வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைந்து, எழும்ப அதிக சக்தி தேவைப்படும். அதே வெப்பத்தில் பேட்டரியைக் குளிர்விக்கவும் வேண்டும். ஐரோப்பாவின் குளிரில் சோதித்த எண்கள் சித்திரை வெயிலில் அப்படியே நிற்காது. சென்னையில் வடிவமைக்கப்படும் விமானத்துக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. சோதனைக் களம் வாசலிலேயே இருக்கிறது.

புயல் இன்னும் பெரிய கேள்வி. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மயிலத்தில் அதைவிட அதிகம். மரக்காணம் உப்பளம் முழுவதும் நீரில் மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்கள் நின்றன. திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. பெரிய மருத்துவமனைக்கான வழியே மூடிக்கொண்ட நாட்கள் அவை. வான்வழி வேண்டும் என்று மனம் ஏங்கும் அந்த நேரத்தில் மின் விமானம் எழும்ப முடியாது. புயல் கரையைக் கடந்த அன்று சென்னை விமான நிலையமே மூடிக் கிடந்தது. காற்று அடங்கிய மறுநாளோ அதற்கு மறுநாளோ, சாலை இன்னும் நீரில் கிடக்கும்போது, அது உதவலாம். அதற்கும் சார்ஜ் நிலையத்துக்கு மின்சாரம் வேண்டும். புயல் வந்த ஊரில் முதலில் போவது மின்சாரம். தளம் அமைத்தால் வெள்ளம் ஏறாத மேட்டில், சூரிய மின்தகடும் சேமிப்பு பேட்டரியும் சேர்த்தே அமைக்க வேண்டும். அந்த மின்சாரம் விமானம் பறக்காத நாட்களில் மருத்துவமனையின் பிரசவ அறைக்கும் ஓடும்.

கால்வாய் முடிந்த ஊர்

மரக்காணத்துக்குப் புதுப் போக்குவரத்து வருவது இது முதல்முறை அல்ல. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கிரேக்க மாலுமிகளின் கையேடான பெரிபுளூஸ் ‘சோபட்மா’ என்று குறிப்பிடும் துறைமுகமும் இதுவே என்பது பலரின் கருத்து. உமணர்கள் உப்பு வண்டி கட்டி உள்நாட்டுக்குப் போன காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கி, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் நீண்டு, அது முடிந்த இடம் மரக்காணம். 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டியவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. உப்பும் விறகும் படகில் ஏறிச் சென்னைக்குப் போயின. ரயிலும் லாரியும் வந்தன. அறுபதுகளின் புயல்கள் கரையை உடைத்தன. படகுகள் நின்றன. பிறகு வந்த கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த ஊரைச் சென்னைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. உப்பளக் கூலியை அது பெரிதாக உயர்த்திவிடவில்லை. சாலையோர நிலத்தின் விலையைத்தான் உயர்த்தியது.

ஒன்றைக் கவனியுங்கள். கால்வாய் மரக்காணத்தின் உப்பை ஏற்றிச் சென்றது. அதில் ஊருக்கு வேலை இருந்தது. சாலை, ஊரைத் தாண்டிச் செல்கிறவர்களுக்காக வந்தது. ஏர் டாக்ஸி எந்த வகையில் சேரும் என்பது இப்போதைய முடிவுகளில் இருக்கிறது. பேட்டரி பராமரிப்பு, மோட்டார் சுத்தம், தளப் பாதுகாப்பு, தீயணைப்பு, பறவைக் கண்காணிப்பு என்று ஒரு சிறு தளத்துக்கும் பயிற்சி பெற்ற கைகள் தேவை. மீனவர் பிள்ளைகளும் உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளும் படிக்கும் ஐ.டி.ஐ.களில் அந்தப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். தையூரில் விமானம் தயாராகும் காலமும் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுப் படிப்பை முடிக்கும் காலமும் பொருந்தி வரும்.

வரிசையில் விழுப்புரம்

788 விமானங்கள். ஆண்டுக்கு 100 தயாரிக்கும் திறன் இலக்கு. எல்லாம் திட்டமிட்டபடி நடந்தாலும் கடைசி மாவட்டத்துக்கு முறை வர எட்டு ஆண்டுகள் ஆகும். முதலில் பெருநகரங்களும் பணம் உள்ள தனியார் மருத்துவமனைகளும் வரிசையில் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். விழுப்புரம் மாவட்டம் கேட்காமல் இருந்தால் கடைசியில்தான் கிடைக்கும். அப்போதும் விமானம் மாவட்டத் தலைநகரில்தான் நிற்கும்.

அதனால் மாவட்ட நிர்வாகமும் மரக்காணம் பேரூராட்சியும் இப்போதே சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டும். தளம் வேண்டுமானால் அரசு மருத்துவமனையை ஒட்டிய மேட்டு நிலத்தில். உப்பளத்தில் ஒரு சென்ட் கூட வேண்டாம். 108ஐப் போல நோயாளி கையிலிருந்து ஒரு ரூபாய் வாங்காத சேவையாக, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைத்து வர வேண்டும். டாக்ஸி ஓட்ட விரும்பும் நிறுவனம் அதே தளத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் பங்கு கட்டலாம். ஆம்புலன்ஸுக்கு அழைப்பு வந்தால் டாக்ஸி காத்திருக்க வேண்டும். கழுவெளிக்கு மேலே நவம்பர் முதல் பிப்ரவரி வரை எந்தப் பாதையும் இருக்கக் கூடாது. மற்ற மாதங்களில் பாதை எங்கே என்பதை, வனத்துறையும் உப்பளத் தொழிலாளர் சங்கங்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், தமிழில் அச்சிட்ட வரைபடத்தை விரித்து வைத்து முடிவு செய்யட்டும்.